இரண்டு கிண்ணம் செண்டோல்

மெர்டேக்காவுக்கு, அதாவது மலாயா சுதந்திரத்துக்கு, முந்தின அந்த மாதங்களை நினைத்தால் எனக்கு முதலில் வருவது கொடியோ கோஷமோ இல்லை, தேங்காய்ப்பால் வாசனைதான். மலாக்கா ஆற்றோரம், நானா என்று எல்லோரும் கூப்பிடும் தமிழ் முஸ்லிம் பெரியவர் ஒருவரின் செண்டோல் வண்டி நிற்கும்; சீவிய ஐஸில் பச்சை மாவுத் துண்டுகளும் தேங்காய்ப்பாலும் வெல்லப்பாகும் விட்டுக் கிண்ணத்தில் தருவார். வேலை முடிந்து காஜா பெராங் பகுதியில் இருந்த வீட்டுக்குச் சைக்கிளை மிதிக்கும் முன், அலுவலகத்தில் என் எதிர் மேசையில் இருந்தவரோடு அங்கே நிற்பேன். சாயங்கால வெயில் தண்ணீரில் மஞ்சளாக மிதந்துகொண்டிருக்கும். நாங்கள் பேசியதைவிடப் பேசாமல் நின்றதுதான் அதிகம்.

எப்போதும் அவரே காசு கொடுப்பார். நம் ஆட்களிடம் அது சும்மா விஷயமா? ஓர் ஆணும் பெண்ணும் சேர்ந்து சாப்பிட்டு, ஒருவருக்காக மற்றவர் காசு கொடுத்தால், பார்த்தவர்கள் அன்றைக்கே கல்யாணப் பந்தல் போட்டுவிடுவார்கள். நானாவே எங்களைப் பார்த்துத் தாடிக்குள் சிரிப்பார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது, வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

திடீரென்று அவருக்குக் கோலாலம்பூருக்கு மாற்றல் வந்தது. கிளம்புவதற்கு முந்தின மாலை, இன்றாவது இவர் வாயைத் திறப்பாரா என்று கிண்ணத்தைக் கிண்டிக்கொண்டே நின்றேன். ஐஸ் முழுக்கக் கரைந்துவிட்டது. கடைசியில் திறந்தார்.

"இன்னிக்கு கோ டச்."

மாலை வகுப்பில் இருவரும் சேர்ந்து படித்த ஆங்கில வழக்கு அது. அவரவர் சாப்பிட்டதற்கு அவரவர் காசு. டச்சுக்காரன் கட்டிய சிவப்புக் கட்டடத்தைத் தினமும் கடந்து போகிறோம், அவன் பெயரில் இப்படி ஒரு கஞ்சத்தனமா என்று வகுப்பில் நான்தான் அதிகம் சிரித்தேன். இப்போது சிரிப்பு வரவில்லை. எல்லாவற்றையும் இத்தோடு முடித்துக்கொண்டு போகிறார் என்று நினைத்தேன். அவர் தன் பங்குக் காசை வண்டிப் பலகையில் வைத்தார்.

"கோவிச்சுக்காதீங்க. உங்ககிட்ட ஒன்னு கேக்கணும். எப்பவும் நான் வாங்கிக் குடுக்கிறேனே, அதுக்காகவே தலையாட்டிருவீங்களோன்னு பயம். அதான் இப்படி. என்னைக் கட்டிக்கிறீங்களா? வேணாம்னா தைரியமா வேணாம்னு சொல்லுங்க."

பைத்தியக்கார மனிதர்! செண்டோலுக்கா நான் தலையாட்டுவேன்? கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. பலகையில் கிடந்த அவர் காசை எடுத்து அவர் சட்டைப் பையிலேயே போட்டேன். என் பர்ஸைத் திறந்தேன்.

"நானா, ரெண்டு கிண்ணத்துக்கும் இதுல எடுத்துக்குங்க."