என் கிணற்றில் மட்டும் பெய்யாத மழை

பிள்ளைகளே, அலுமாரியின் மேல்தட்டில் நீல மட்டைக் கொப்பி ஒன்று கிடக்கிறது. உள்ளே எல்லாம் இலக்கங்கள்தான். இது என்ன என்று நீங்கள் கேட்டபோதெல்லாம் "கிணத்துக் கொப்பி" என்று சொல்லி விட்டுவிட்டேன். இன்றைக்கு முழுவதையும் எழுதுகிறேன். நான் செய்த பிழையும் அதற்குள் இருக்கிறது.

எண்பதுகளின் நடுவில் நான் வாடகைக் கார் ஓடினேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆனால் என் பழைய காரில் ஏறியவர்களில் பாதிப்பேர் பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கிறவர்கள். வெளிவேலைக்குப் போக அவர்களுக்கு வாகனம் தேவை. கரடுமுரடான ஒழுங்கைக்குள்ளும் முகம் சுழிக்காமல் விடுகிறவன் என்று என்னையே கூப்பிடுவார்கள்.

ஒருவர் கடற்பாசி படித்தார். வடகரையில் காற்சட்டையை முழங்காலுக்கு மேலே சுருட்டிக்கொண்டு தண்ணீருக்குள் குந்தியிருப்பார். எனக்குக் காலில் வழுக்குகிற சனியனாகத் தெரிந்த பாசியில் அவர் முப்பது வகை பிரித்தார். இன்னொருவர் சொற்கள் சேர்த்தார். மாட்டு வண்டிலின் ஒவ்வொரு துண்டுக்கும் கிழவர்கள் என்ன பெயர் சொல்கிறார்கள் என்று ஒலிப்பதிவுப் பெட்டியோடு ஊர் ஊராகத் திரிந்தார். மூன்றாமவர் கணிதம். அவருக்கு எங்கேயும் போக வேலையில்லை, வீட்டுக்குப் போகத்தான் ஏறுவார்.

"சேர், உங்கடை ஆராய்ச்சி என்னத்தைப் பற்றி?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஒரேயொரு கேள்விதான் அண்ணை. நாலு வருசமாப் பாக்கிறன், இன்னும் ஒண்டும் வரேல்லை."

"நாலு வருசமாக் கிணறு வெட்டித் தண்ணி காணாட்டி எங்கடை ஆக்கள் சும்மா விடுவினமோ?"

"விடாயினம். அதுதானே நான் கம்பஸிலை இருக்கிறன்" என்று குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

நான்காவதாக வந்தவர்தான் கிணறு அளக்கிற பெண் விரிவுரையாளர். எங்கள் நல்ல தண்ணீர் பூமிக்கு அடியில் உப்புத் தண்ணீரின் மேலே மிதந்துகொண்டு நிற்கிறது என்று அவர்தான் எனக்குச் சொன்னார். கூடுதலாக இறைத்தால் உப்பு மேலே வரும். எந்தக் கிணறு எவ்வளவு இறங்குகிறது, மழைக்கு எவ்வளவு திரும்ப ஏறுகிறது என்பதே அவருடைய ஆராய்ச்சி. அதைக் கேட்ட அன்று வீட்டுக்கு வந்து கிணற்றுக் கட்டைப் பிடித்துக்கொண்டு கனநேரம் கீழே பார்த்தேன். பிறந்த நாள் முதல் குடித்த தண்ணீர். கடலுக்கு மேலே மிதக்கிறதாம்.

நானாகவே கேட்டேன்: "மிஸ், எங்கடை கிணத்தையும் சேர்ப்பியளோ?"

கொப்பி ஒன்றும் அளவு நாடா ஒன்றும் தந்தார். விடியக்காலையில், ஒருவரும் அள்ளுவதற்கு முன்னம், நாடாவின் நுனியில் கரும்பலகையில் எழுதுகிற வெண்கட்டி பூசி இறக்கவேண்டும். வெண்கட்டி நனைந்த இடத்தில் நிறம் மாறும். அதை வைத்துக் கிணற்றுக் கட்டிலிருந்து தண்ணீர் மட்டம் வரையான ஆழத்தைக் கணக்குப் பார்த்து எழுதவேண்டும். இரண்டு வருஷம் ஒருநாளும் தவறவில்லை. கார் ஓட்டம் இருந்தாலும் கிணறு முதல்.

இரண்டு வருஷம் முடிந்து வந்த சித்திரையில் உங்கள் சின்னம்மாவின் கலியாணம். எல்லோருமாகத் தென்மராட்சிக்குப் போய் மூன்று நாள் நின்றோம். திரும்பி வந்த பின்னேரம் கொப்பியைத் திறந்தால் மூன்று இடம் வெறுமையாகக் கிடந்தது. எனக்கு அது வெட்கமாக இருந்தது. கோடையில் தண்ணீர் நாளுக்கு இவ்வளவு இறங்கும் என்று எனக்குத் தெரியும்தானே? அதே கணக்கில் மூன்று இலக்கம் எழுதிவிட்டேன். அடுத்தநாள் காலையில் அளந்தபோது, நான் நினைத்ததைவிடத் தண்ணீர் மேலே நின்றது. வெயிலுக்கு நாடா இழுபட்டிருக்கும் என்று எனக்கு நானே ஒரு விஞ்ஞானம் சொல்லிக்கொண்டேன்.

மாத முடிவில் கொப்பியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அடுத்த கிழமை மிஸ் பல்கலைக்கழகத்தில் தன் அறைக்கு வரச்சொல்லி ஆள் அனுப்பினார். போனால், பாசிக்காரரும் அங்கே தேத்தண்ணீர் குடித்துக்கொண்டு இருந்தார். மேசையில் கட்டம் போட்ட பெரிய தாள். பதினொரு கிணறு, பதினொரு கோடு.

"அண்ணை, சித்திரையிலை இந்த மூண்டு நாளும் உங்கடை பக்கம் மழை பெய்யேல்லையோ?"

"எங்கடை ஒழுங்கைக்குள்ளை வரேல்லைப் போலை, மிஸ்."

"அடுத்த ஒழுங்கைக் கிணறு ஏறியிருக்கு. மற்றப் பத்துக் கிணறும் ஏறியிருக்கு. உங்கடைதான் இறங்குது."

பாசிக்காரர் எட்டிப் பார்த்தார். "அண்ணையின்ரை கிணறு குடை பிடிச்சிருக்குப் போலை."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாங்கள் இல்லாத நேரம் சித்திரைச் சிறுமாரி மழை பெய்து, வெயிலில் காய்ந்தும் விட்டிருக்கிறது. எனக்குத் தெரியாது. நான் வீட்டில் நிற்கவில்லை என்பதை, எங்கள் படலையையே ஒருநாளும் திறந்து பார்க்காத ஒருவர், ஒரு கோட்டைப் பார்த்துக் கண்டுபிடித்திருக்கிறார். கோயிலில் கற்பூரம் காட்டுகையில் வருகிற சிலிர்ப்பு உடம்பில் வந்தது.

"நான் நிக்கேல்லை மிஸ். மச்சாளின்ரை கலியாணம். நினைச்சு எழுதிப்போட்டன்."

அவர் கொப்பியை மூடி அதன்மேலே கையை வைத்தார். "அண்ணை, இதிலை இரண்டு வருசம் இருக்கு. மிச்சத்தை நான் என்னண்டு நம்புறது? முழுக்க எறியவேண்டி வருமோ எண்டுதான் உங்களைக் கூப்பிட்டனான்."

இரண்டு வருஷத்து விடியற்காலைகள். "வேறை ஒரு நாளும் இல்லை. பிள்ளையளாணை இல்லை" என்றேன்.

உங்கள் மேலே ஆணையிட்டதை அவர் ஏற்றுக்கொண்டார் என்று நினைக்காதீர்கள். "ஆணை வேண்டாம், இருங்கோ" என்றார். கொப்பியில் ஒவ்வொரு மழையாக எடுத்து, மற்றக் கிணறுகளோடு வைத்துப் பார்த்தார். ஒரு மணித்தியாலம் இருக்கும். தேத்தண்ணீர் ஆறிப்போனது. பாசிக்காரரும் பகிடியை விட்டுவிட்டு, தேதிகளை வாசித்துக் கொடுத்தார். மழைக்கு மழை என் கிணறு ஏறியிருந்தது.

பிறகு மிஸ் பென்சிலை என்னிடம் நீட்டினார். "மூண்டையும் நீங்களே வெட்டுங்கோ. பக்கத்திலை 'பார்க்கவில்லை' எண்டு எழுதுங்கோ. வெறும் இடம் எண்டா எனக்குப் பிரச்சினையில்லை அண்ணை. நிரப்பினாத்தான் பிரச்சினை."

வெட்டினேன். அவர்கள் எல்லோரும் இப்படித்தானா என்று அன்று யோசித்தேன். கணிதக்காரர் நாலு வருஷம் ஒன்றும் வரவில்லை என்று கூசாமல் சொன்னது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

கிணறு அளந்த மிஸ் மேற்படிப்புக்கு வெளிநாடு போனபிறகும் நான் விடவில்லை. காலையில் எழும்பினால் கை நாடாவைத்தான் தேடும்.

தொண்ணூற்றைந்தில் சண்டைக்குப் பயந்து ஊரோடு இடம்பெயர்ந்து தென்மராட்சியில் சின்னம்மா வீட்டில் ஒதுங்கினோமே, அடுத்தநாள் விடியக்காலையில் நீங்கள் எல்லோரும் களைத்துப்போய் நித்திரை. நாடாவை எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக் கிணற்றடிக்குப் போனேன். அது எங்கள் கிணறு இல்லை. நாடாவைச் சுருட்டி மடியில் வைத்துவிட்டு, கிணற்றுக் கட்டிலே இருந்து கொப்பியைத் திறந்து, அன்றைய திகதியைப் போட்டு, எதிரே "பார்க்கவில்லை" என்று எழுதினேன்.