நாலு பேருக்கான காற்று

அவரை எல்லோரும் பல்லு சார் என்றுதான் கூப்பிடுவார்கள். ஆஸ்பத்திரியின் பின்பக்கம், லாண்ட்ரியை ஒட்டினாற்போல் இருக்கும் சின்ன லேபில் பல் செட் செய்வது அவர் வேலை. டாக்டர் எடுத்து அனுப்பும் அச்சில் பிளாஸ்டர் ஊற்றுவார், இறுகும்வரை காத்திருப்பார். மெழுகில் பல்லை ஒவ்வொன்றாக நட்டு, ஆறும்வரை காத்திருப்பார். அப்புறம் வேகவைத்து, மறுபடியும் காத்திருப்பார். காத்திருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம் என்று அவரே சொல்வார். இவர் போட்ட பல்லால் எத்தனையோ பேர் வாய்விட்டுச் சிரிக்கிறார்கள். இவர் சிரித்துப் பார்த்தவர்கள்தான் குறைவு. ஆள் சிடுமூஞ்சி இல்லை. சிரிப்பதற்கு எதிரில் யாராவது வேண்டுமே!

கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்று கேட்டவர்களும் ஓய்ந்துபோய்விட்டார்கள். வீட்டில் எந்தக் காரியம் வந்தாலும் அவர் தலையில்தான் விழும். அண்ணன் வீடு மாற்றினால் சாமான் தூக்க இவர், தங்கைக்கு உடம்பு சரியில்லையென்றால் ஆஸ்பத்திரியில் கூட இருக்க இவர். "உனக்கென்னடா, ஒண்டிக்கட்டை" என்பார்கள். காரியம் முடிந்ததும் அவரவர் வீட்டுக்குப் போய்விடுவார்கள். கேட்டுக் கேட்டு அந்த வார்த்தை அவரோடு ஒட்டிக்கொண்டது. ஓட்டலுக்குப் போனால் சர்வர் கேட்பதற்கு முன்பே "ஒருத்தர்தான்" என்று விரலைக் காட்டிக்கொண்டேதான் உள்ளே நுழைவார்.

அப்படிப்பட்டவருக்கு ஒரே ஓர் ஆசை, வேகம். இளவயதில் ஒரு மழை நாளில் பல் டாக்டர் ஒருவர் தன் காரில் ஏற்றிக்கொண்டு போனார். பார்த்தால் காய்கறி வாங்கப் போகிற வண்டி மாதிரி சாதுவாக இருந்தது. சின்ன ஹேட்ச்பேக்தான். சிக்னலில் பச்சை விழுந்ததும் டாக்டர் லேசாகக் காலை வைத்தார். முதுகு சீட்டோடு அப்பிக்கொண்டது, வயிறு மட்டும் சிக்னலிலேயே நின்றுவிட்டது. பல்லு சார் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். நாள் முழுக்கக் காத்திருக்கிற மனுஷனுக்கு, காத்திருக்காமல் கிளம்புகிற ஒரு சாமான் உலகத்தில் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. நானும் ஒருநாள் இதில்தான் வேலைக்குப் போவேன் என்று மனசுக்குள் முடிச்சுப் போட்டுக்கொண்டார்.

முடிச்சு அவிழப் பல வருஷம் ஆயிற்று. அதுவரை ஓட்டியது ஒரு பழைய கார். மேடு வந்தால் மூச்சிரைக்கும், ஏசி போட்டால் கோபித்துக்கொள்ளும். ஆனால் அந்த வண்டியில் அவர் தனியாகப் போனதே இல்லை.

முதலில் ஏறியது லாண்ட்ரி அக்கா. ஆஸ்பத்திரிப் போர்வை, உறை, கோட்டு எல்லாம் அவர் பொறுப்பு. முட்டிவலி. பஸ் ஸ்டாப்பில் காலை மாற்றி மாற்றி ஊன்றிக்கொண்டு நின்றவரைப் பார்த்து, மனசு கேட்காமல் ஒருநாள் நிறுத்தினார். மறுநாளும் நிறுத்தினார். அப்புறம் அதே ஸ்டாப்பில் எக்ஸ்ரேக்காரர் ஏறிக்கொண்டார். வீட்டில் கைக்குழந்தை, மனுஷன் தூங்கி மாதக்கணக்காகிறது. கதவைச் சாத்துவதற்குள் குறட்டை வந்துவிடும். அவரை அடுத்து மருந்து கவுண்டர் பெண். புருஷனோடு வீட்டில் ஆரம்பித்த சண்டையைப் போனில் தொடர்ந்து, ஆஸ்பத்திரி கேட்டில் முடிப்பாள். முன் சீட் அக்காவுக்கு. கிழிந்த வார்டு போர்வையை வெட்டித் தானே தைத்த ஒரு குஷன் அதில் நிரந்தரமாகக் கிடக்கும். அது இல்லாமல் முட்டி மடங்காது என்பார்.

யாரும் பெட்ரோலுக்குக் கொடுக்கவில்லை, இவரும் கேட்கவில்லை. பல்லு சாரின் கோட்டு மட்டும் டாக்டர்களின் கோட்டைவிட மொடமொடப்பாக வந்துகொண்டிருந்தது. வருஷங்கள் இப்படியே போயின. இது ஒரு குடும்பம் மாதிரி என்று பார்க்கிறவனுக்குத் தோன்றும். அவருக்குத் தோன்றவில்லை. அவர்களை இறக்கிவிட்டுப் பூட்டிய வீட்டைத் திறக்கும்போது, தான் ஒண்டிக்கட்டை என்பதுதான் முதலில் ஞாபகம் வரும்.

கடைசியில் வண்டி வாங்கினார். அதே மாதிரிதான், வெளியே சாது, உள்ளே டர்போ. ஷோரூமில் சுற்றிச் சுற்றி வந்தபோது அவருக்குத் தலைகால் புரியவில்லை. பழைய காரை அங்கேயே கொடுத்துவிட்டுப் புதியதை எடுப்பதாக ஏற்பாடு. பழசில் இருந்த சாமானை மாற்றிவைக்க ஒத்தாசையாக இருக்கட்டும் என்று அக்காவையும் கூட்டிக்கொண்டு போனார். அக்கா அன்றைக்கு லீவு போட்டு, நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்தார். குடை, டார்ச் லைட், துடைக்கிற துணி எல்லாம் மாற்றி, கடைசியில் தன் குஷனைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார்.

சாவி கொடுக்கிற பையன் டயருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தபடியே கேட்டான். "சார், வழக்கமா எத்தனை பேர் போவீங்க? ஒருத்தர் ரெண்டு பேர்னா காத்து ஒரு அளவு, நாலஞ்சு பேர்னா கொஞ்சம் கூட வைக்கணும்."

"நான் ஒருத்தன்தான்பா" என்றார் பல்லு சார், கண்ணை வண்டியிலிருந்து எடுக்காமலே. "எனக்கு வேற யார் இருக்கா?"

அக்கா அவருக்குப் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தார்.

வீட்டுக்குத் திரும்பும்போது அக்கா குஷனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அதைச் சீட்டில் போடவில்லை. பல்லு சாருக்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை. காலியான ரோடு கிடைத்ததும் காலை அழுத்தினார், வண்டி சீறிக்கொண்டு பாய்ந்தது. அவர் சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தார்.

"பயந்துட்டீங்களா அக்கா?"

"இல்ல தம்பி. நல்லா இருக்கு. உங்களுக்கு ஏத்த வண்டிதான்."

தன் வீட்டு வாசலில் இறங்கும்போது அக்கா குஷனையும் எடுத்துக்கொண்டு இறங்கினார். துவைத்துக் கொண்டுவரப் போகிறார் என்று நினைத்துக்கொண்டார் நம்ம ஆள். லாண்ட்ரிக்காரர் கையில் துணி போனால் வேறு என்ன நினைப்பது?

மறுநாள் காலை ஸ்டாப்பில் அக்கா கதவுப் பக்கம் வரவில்லை. சீட் ரொம்பத் தாழ்வாக இருக்கிறது, முட்டி இடம் கொடுக்காது, பஸ்ஸிலேயே வந்துவிடுகிறேன் என்றார். எக்ஸ்ரேக்காரர், வண்டி பாயும்போது வயிற்றைப் புரட்டும் போல இருக்கிறது சார் என்றார். ஏறிப் பார்க்காமலே அவருக்கு வயிறு புரண்டது எப்படி என்று கேட்க இவருக்குத் தோன்றவில்லை. மருந்து கவுண்டர் பெண் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டாள்.

பாவம், மனுஷன் பழியை வண்டி மேலேயே போட்டார். சீட்டை எவ்வளவு உயர்த்த முடியுமோ அவ்வளவு உயர்த்திப் பார்த்தார். வேகத்தைக் கூட்டுகிற ஸ்போர்ட் பட்டன் பக்கமே போகாமல் உருட்டிக்கொண்டு போனார். "இப்ப மெதுவாத்தான் ஓட்டுறேன், ஏறுங்களேன்" என்றார். "இருக்கட்டும் தம்பி, பஸ் பழகிடுச்சு" என்றார் அக்கா. கோட்டு மட்டும் எப்போதும்போல மொடமொடவென்று வந்தது. அதைப் பார்த்து எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்று நம்பிக்கொண்டார். ஆனால் கோட்டை முன்பு அக்கா தானே கொண்டுவந்து கொடுத்து, ஐந்து நிமிஷம் நின்று வம்பு பேசிவிட்டுப் போவார். இப்போது வேறு யாரோ கதவில் மாட்டிவிட்டுப் போனார்கள்.

தனியாகப் போகிற வேகம் என்ன வேகம்? சீக்கிரம் போய்ச் சேர்ந்தார், அவ்வளவுதான். லேப் திறக்க வாட்ச்மேன் சாவி கொண்டுவரும்வரை அங்கேயும் காத்திருந்தார்.

ஒருநாள் பிளாஸ்டர் தாடைகள் நிறைந்த பெட்டி ஒன்றை வீட்டுக்கு எடுத்துப்போக வேண்டியிருந்தது. முன் சீட்டில் வைத்துவிட்டுக் கிளம்பினார். வண்டி விடாமல் பீப் பீப் என்று கத்தியது. பக்கத்தில் ஆள் உட்கார்ந்திருக்கிறார், பெல்ட் போடவில்லை என்று அதற்கு எண்ணம். பெட்டிக்குப் பெல்ட்டை மாட்டியதும் வாயை மூடிக்கொண்டது. வழியெல்லாம் பக்கத்தில் யாரோ இருக்கிற மாதிரியே இருந்தது. "இன்னிக்கு டிராஃபிக் ஜாஸ்தி இல்ல?" என்று சொல்லியும்விட்டார். அப்புறம் பல் செட்டோடு பேசுகிற அளவுக்கு வந்துவிட்டோமே என்று அவருக்கே அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

மறுநாள் எக்ஸ்ரேக்காரரை வராந்தாவில் பிடித்துக்கொண்டார். "உண்மையைச் சொல்லுங்க. வண்டியில என்ன குறை? பிடிக்கலைன்னா வித்துடறேன்."

எக்ஸ்ரேக்காரர் தரையைப் பார்த்தார். "வண்டியில ஒண்ணும் இல்ல சார். காத்து அடிக்கிற பையன் எத்தனை பேருன்னு கேட்டானாம். நீங்க ஒருத்தர்தான், வேற யாரும் இல்லைன்னு சொன்னீங்களாம். அக்கா மனசு விட்டுப்போச்சு. இத்தனை வருஷமா நாம அவருக்குப் பாரமா இருந்திருக்கோம், தெரியாமப் போச்சேன்னு சொன்னாங்க. புது வண்டியிலயாவது அவர் நிம்மதியாப் போகட்டும்னு சொல்லி எங்களையும் ஏற விடல."

"நான் அப்படி நினைச்சுச் சொல்லலையே!"

"தெரியும் சார். நானும் அதைத்தான் சொன்னேன். நினைச்சுச் சொல்லியிருந்தாக்கூடப் பரவால்ல, நம்ம நெனப்பே அவருக்கு வரலையேன்னு கேட்டாங்க. அதுக்கு என்ன பதில் சொல்றது, சொல்லுங்க?"

பல்லு சாருக்கு நெஞ்சில் சுருக்கென்று தைத்தது. லேபுக்குத் திரும்பி வந்து மெழுகை அடுப்பில் வைத்துவிட்டு, அது உருகி ஓடுவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். ஒண்டிக்கட்டை என்று வீட்டார் சொன்னார்கள், சரி. தினமும் மூன்று பேரைப் பக்கத்திலும் பின்னாலும் உட்காரவைத்துக்கொண்டு அதையே திருப்பிச் சொன்னது யார்? நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்த மனுஷி, அதைக் கேட்டுவிட்டு, அந்தக் குஷனைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றிருப்பார்! வெட்கத்தில் உடம்பெல்லாம் கூசியது.

மன்னிப்புக் கேட்கப் போய் லாண்ட்ரி வாசலில் நின்றார். உள்ளே மெஷின் சத்தம். "என்ன தம்பி, கோட்டு சரியா இல்லையா?" என்று கேட்டார் அக்கா. மரியாதைக்கு ஒரு குறைவும் இல்லை, அதுதான் தாங்கவில்லை. கையும் ஓடாமல் காலும் ஓடாமல், "நல்லா இருக்கு அக்கா" என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டார்.

அடுத்த நாள் காலை பஸ் ஸ்டாப்புக்குப் பக்கத்தில் இருந்த பஞ்சர் கடையில் வண்டியை நிறுத்தினார். ஸ்டாப்பில் மூன்று பேரும் நின்றிருந்தார்கள். கடைக்காரர் குழாயை இழுத்துக்கொண்டு வந்தார்.

"எத்தனை பேர் போவீங்க?"

"நாலு பேர்" என்றார் பல்லு சார். குரல் அவர் நினைத்ததைவிடப் பலமாக வந்துவிட்டது. ரோட்டில் போகிறவர்கள்கூடத் திரும்பினார்கள். "தினமும் நாலு பேர். எப்பவும் நாலு பேர்தான்."

கடைக்காரர் காலியான சீட்டுகளை ஒருமுறை பார்த்தார். நமக்கென்ன என்று காற்றை அடித்தார். அக்கா ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பஸ் வந்தது, மூவரும் ஏறிப் போய்விட்டார்கள்.

நாலு பேருக்கு வைத்த காற்றில் ஒருவர் போனால் வண்டி கல் மாதிரி இருக்கும். ஒவ்வொரு பள்ளமும் முதுகெலும்பில் ஏறியது. ஆனாலும் அவர் காற்றைக் குறைக்கவில்லை. தினமும் ஸ்டாப்பில் நிறுத்துவார், கதவின் பூட்டை எடுத்துவிடுவார், பஸ் வரும்வரை நிற்பார். காத்திருப்பது அவருக்குப் புதிதா என்ன? முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டுதான் கிளம்புவார், மறுநாள் மறுபடியும் வந்து நிற்பார்.

நாள்கள் போயின. ஒருநாள் காலை அக்கா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மெதுவாக வண்டிப் பக்கம் வந்தார். முன் கதவைத் திறந்தார். பையிலிருந்து குஷனை எடுத்தார். துவைத்து, இஸ்திரி போட்டு, பிரிந்திருந்த மூலையை வேறு நூலில் தைத்திருந்தார். அதைச் சீட்டில் வைத்து, இரண்டு தட்டுத் தட்டிச் சரி செய்தார்.

"உட்காருங்க அக்கா" என்றார் பல்லு சார்.

"இன்னிக்கு வேண்டாம் தம்பி. பஸ்ஸு வந்துடுச்சு."

"நான் அன்னிக்குச் சொன்னது..."

"தெரியும். விடுங்க." அக்கா சீட்டையே பார்த்தார். "இது இங்கயே இருக்கட்டும். வெயில்ல போட்டு வைக்காதீங்க, சாயம் போயிடும்."

கதவை அலுங்காமல் சாத்திவிட்டு, காலை விந்தி விந்தி நடந்து பஸ்ஸில் ஏறினார். கடைசி ஜன்னலில் எக்ஸ்ரேக்காரரின் தலை அதற்குள் கண்ணாடியில் சாய்ந்திருந்தது.

பல்லு சார் வண்டியைக் கிளப்பினார். குஷன் லேசானது. ஆள் இருக்கிறார் என்று வண்டிக்குத் தோன்றவில்லை, அது ஒரு சத்தமும் போடவில்லை. அவராகவே குனிந்து பெல்ட்டை இழுத்துக் குஷனுக்கு மாட்டினார்.

முன்னால் பஸ் புகையைக் கக்கிக்கொண்டு ஊர்ந்தது. பக்கத்தில் ரோடு காலியாகத்தான் கிடந்தது, காலை லேசாக வைத்தால் போதும், கண் மூடித் திறப்பதற்குள் தாண்டிவிடலாம். அவர் தாண்டவில்லை. ஆஸ்பத்திரி கேட் வரைக்கும் ஒவ்வொரு ஸ்டாப்பிலும் பஸ்ஸுக்குப் பின்னால் நின்று நின்றே போனார்.