தோள் வலிக்குப் பிடுங்கிய பற்கள்

தெக்லா அந்தப் பெயரை முதன்முதலில் கேட்டது மாதா கோயிலின் அடித்தளக் கூடத்தில், தவக்காலத்துக்கு முந்தின வாரம். பெண்கள் நீள மேசையைச் சுற்றி நின்று, உருளைக்கிழங்கு மசியலை மாவில் வைத்து மடித்து ஓரம் கிள்ளிக்கொண்டிருந்தார்கள். மரியா சித்திதான் பேச்சை எடுத்தாள். தெக்லாவின் அம்மாவுக்கு ஒன்றுவிட்ட தங்கை. ஹ்ரிந்தா குடும்பத்தில் மகளைக் கொடுத்தவள்.

"நம்ம ஹ்ரிந்தா வீட்டு வாஸில் இருக்கான்ல, அவன ஷெல்பர்க் பேஸ்பால் டீம்ல எடுத்துட்டாங்களாம். பந்து எறியறதுக்குச் சம்பளமாம். இனிமே குழிக்குள்ள எறங்க வேண்டாம்."

"எங்க வீட்டுக்காரரு தெனம் சாப்பாட்டுத் தட்ட எறியறாரு. அவருக்கும் ஏதாச்சும் குடுப்பாங்களான்னு கேளு" என்றாள் எதிரே நின்றவள். மேசையே குலுங்கியது.

தெக்லா சிரிக்கவில்லை. குழிக்குள் இறங்க வேண்டாம் என்றதுதான் அவள் காதில் நின்றது. அவளுடைய அப்பா நிலக்கரிச் சுரங்கத்தில் வாயு வெடித்துச் செத்தார். அண்ணன் பெட்ரோ அதே சுரங்கத்தில் கூரை சரிந்து செத்தான். இரண்டு பேரையும் கம்பெனி வண்டிக்காரன் வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் போனான். கட்டினால் குழிக்குப் போகாதவனைத்தான் கட்டுவேன், இல்லாவிட்டால் கன்னியாஸ்திரீ ஆகிவிடுவேன் என்று தெக்லா சொல்லிவைத்திருந்தாள். அந்த ஊரில் குழிக்குப் போகாத ஆண்கள் மூன்று வகை: பாதிரியார், சாராயக்கடைக்காரன், கால் போனவன். வாஸில் நாலாவது வகையாக வந்து சேர்ந்தான்.

அடுத்த இலையுதிர்காலத்தில் கல்யாணம். இரண்டு ஆட்டப் பருவம் நன்றாகவே போயிற்று. வாஸில் உயரமானவன், அதிகம் பேசாதவன். அவன் எறியும் பந்து மட்டைக்கு முன்னால் வந்து திடீரென்று கீழே இறங்கும். அடிக்க நிற்பவன் காற்றை அடித்துவிட்டுத் திரும்பிப் பார்ப்பான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கிழவர்கள் வாஸிலின் கையைத் தொட்டுப் பார்ப்பார்கள். அவனுக்குப் பற்களும் அழகு. கிறிஸ்துமஸ் சமயத்தில் வீட்டிலுள்ளவர்களுக்கெல்லாம் வால்நட் கொட்டையைப் பல்லாலேயே உடைத்துத் தருவான்.

மூன்றாம் பருவம் தொடங்கியபோது அவனால் வலது கையைத் தலைக்கு மேல் தூக்க முடியவில்லை. தெக்லாதான் தலை வாரிவிட்டாள், சட்டைப் பொத்தான் போட்டுவிட்டாள். தைலம் தேய்த்துத் தேய்த்து வீடெல்லாம் நெடி. வெளியில் மூச்சு விடக்கூடாது என்று வாஸில் சொல்லியிருந்தான். அவன் இடத்துக்கு ஆசைப்பட்டு ஸ்டேஷனில் வந்து இறங்கும் பையன்கள் வாரத்துக்கு ஒருவராவது இருந்தார்கள்.

ஆனால் பந்தை வாங்கும் கேட்சருக்குத் தெரியாமல் போகுமா? எம்மெட் ஸ்டோல் ஒருநாள் வீட்டுக்கே வந்துவிட்டான்.

"வாஸில், உன் பந்து முன்னெல்லாம் என் உள்ளங்கையப் பிச்சு எடுக்கும். இப்ப கையுறையில விழற சத்தத்துக்கு எங்க வீட்டுப் பூனகூட கண்ணு முழிக்காது. நான் சொல்ல மாட்டேன். ஆனா ப்ரைன் குருடன் இல்ல."

ப்ரைன் என்பவர் அணியின் மேனேஜர். அவர் கத்தவில்லை, துரத்தவுமில்லை. வாஸிலை உட்காரவைத்து, வாயைத் திறக்கச் சொல்லி உள்ளே பார்த்தார்.

சாயங்காலம் வாஸில் வீட்டில் வந்து சொன்னான். "பல்லுதானாம் காரணம்."

"எது?"

"பல்லோட வேருல சீழ் இருக்குமாம். அது ரத்தத்துல எறங்கித் தோள்ல போயி உக்காந்துக்குமாம். பெரிய டீம்ல எல்லாம் கை வலிச்சா மொதல்ல பல்லத்தான் புடுங்கறாங்களாம். ப்ரைனுக்குத் தெரிஞ்ச ஒருத்தன் புடுங்கிட்டு வந்து அந்த வருஷமே வெளுத்துக்கட்டினானாம்."

தெக்லா விளக்கை எடுத்துவந்து அவன் வாய்க்குள் பிடித்தாள். "ஒண்ணுகூட சொத்த இல்லையே வாஸில்."

"வெளிய தெரியாதாம்."

"எத்தன பல்லு எடுக்கணும்?"

"எல்லாத்தையும். எதுல இருக்குன்னு யாருக்குத் தெரியும்?"

"எடுத்தும் கை சரியாகலன்னா?"

மலைச்சரிவில் சுரங்கத்தின் மாலைச் சங்கு ஊதியது. தெக்லா விளக்கை மேசையில் வைத்தாள். அதற்குமேல் அவள் தடுக்கவில்லை.

மேல் வரிசை ஒரு வாரம், கீழ் வரிசை அடுத்த வாரம். வாஸில் கழுத்துத் துண்டை முகத்தில் சுற்றிக்கொண்டு பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தான். தெக்லா ரொட்டியைப் பாலில் ஊறவைத்து ஊட்டினாள். இருபத்தாறு வயதுக்காரனுக்குக் கன்னம் உள்ளே போய்விட்டது. ஈறு ஆறும்வரை பந்தைத் தொடக்கூடாது என்று பல் டாக்டர் சொல்லிவிட்டார். அந்த நாட்களில் தோள் வலி தானாகவே குறைந்தது. கை தலைக்கு மேல் போயிற்று. வாஸில் தானே தலை வாரிக்கொண்டு, "பாத்தியா?" என்று குழறினான். தெக்லா கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றினாள்.

திரும்ப ஆடிய நாளில் அவள் மரப்பலகை வரிசையில் உட்கார்ந்திருந்தாள். புதிதாகக் கட்டிய பொய்ப்பல் ஈறைக் கிழித்ததால், வாஸில் அதைக் கழற்றி எம்மெட்டிடம் கொடுத்துவிட்டுத்தான் மைதானத்துக்குள் போனான். எதிரணிக்காரர்கள் விடுவார்களா?

"தாத்தா, பேரன் ஆட வரலியா?"

"கடிச்சுக் காட்டு தாத்தா, அப்புறம் எறி."

முதல் மூன்று சுற்றும் ஒருவனாலும் அவன் பந்தைத் தொட முடியவில்லை. கேலி அடங்கிவிட்டது. நாலாவது சுற்றில் ஒரு பந்தை எறிந்தான். அது பாதி தூரம்கூடப் போகாமல் புல்லில் விழுந்து உருண்டது. வாஸில் அங்கேயே முழங்காலிட்டான். வலது கை கயிறுபோல் தொங்கியது. ப்ரைன் நடந்துவந்து, குனிந்து பந்தை மட்டும் எடுத்துக்கொண்டார்.

ஆட்டம் முடியும் முன்பே அவனை அணியிலிருந்து விலக்கிவிட்டார்கள். மைதான வாசல்வரை கூட வந்த ப்ரைன் வருத்தத்தோடுதான் சொன்னார்: "ஏதோ ஒரு வேர உள்ளயே விட்டுட்டான் அந்த டாக்டர். நல்ல டாக்டராப் பாத்திருக்கணும்."

அந்தக் குளிர்காலத்தில் வாஸில் குழிக்குப் போனான். வேறு எங்கே போவது? வலது கை மண்வாரிக்கும் உதவவில்லை. இடது கையால் வாரிப் போட்டான். முதல் நாள் கறுத்து வந்து நின்றவனுக்குத் தெக்லா வெந்நீர் வைத்து முதுகு தேய்த்தாள். அதற்கப்புறம் தினமும் சங்கு ஊதியதும் கதவைத் திறந்துவைத்து நிற்பாள். அவன் தெருமுனை திரும்பும்வரை அடுப்படிக்குப் போகமாட்டாள். பிறகு பிறந்த மூன்று பிள்ளைகளையும் அப்படி நின்றுகொண்டேதான் வளர்த்தாள் என்று மரியா சித்தி சொல்வாள்.

யுத்தத்தின்போது ஷெல்பர்க் அணியைக் கலைத்துவிட்டார்கள். கதைகள் மட்டும் சாராயக்கடையில் தங்கின. அணியில் யார் எத்தனை அடித்தான், யார் ரயிலைத் தவறவிட்டான் என்று ஆரம்பித்துக் கடைசியில் பல் கதைக்கு வருவார்கள். சொல்லச் சொல்ல அது வேடிக்கைக் கதையாகிவிட்டது. வாஸில் அங்கே இருந்தால் அவனும் பொக்கை வாயைத் திறந்து கூடச் சிரிப்பான். தெக்லா ஒருமுறை அவனைக் கூப்பிட வந்து, வாசலில் நின்று முழுக் கதையையும் கேட்டாள். பிறகு உள்ளே வராமலே திரும்பிப் போனாள்.

கரித்தூள் நெஞ்சில் இறங்க இருபத்தெட்டு வருஷம் ஆயிற்று. வாஸில் இப்போது மூத்த மகள் ஓல்காவின் வீட்டில், சமையலறைக்கு அடுத்த அறையில் இருக்கிறான். படுத்தால் மூச்சு முட்டுவதால் நாற்காலியில் உட்கார்ந்தே தூங்குகிறான். அவன் மூச்சு சீராகும்வரை தெக்லா கதவருகிலேயே நிற்கிறாள், அடுப்படிக்குப் போவதில்லை.