புருவம் இல்லாத மொட்டை

போன வாரம் பழனிக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டு வந்தேன். வேண்டுதல் என் மனைவியுடையது. தலை மட்டும் என்னுடையது!

தேனி பஸ் ஸ்டாண்டில் இறங்கி டீ கேட்டேன். எப்போதும் சிரித்துப் பேசும் கடைக்காரர் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார். "எப்ப சார் தவறுனாக?"

தப்பு என்னுடையதுதான். மொட்டையோடு மீசையையும் எடுத்திருந்தேன். அரிப்புத் தாங்காமல் வழியிலேயே தலைச் சந்தனத்தைக் கழுவித் தொலைத்திருந்தேன். எங்கள் பக்கத்தில் மொட்டைக்கு ஒரு கணக்கு உண்டு. சந்தனம் இருந்தால் பழனி. சந்தனமும் இல்லை, மீசையும் இல்லை என்றால் வீட்டில் பெரியவர் யாரோ போய்விட்டார். கேட்கவே வேண்டாம்... துக்கத்துக்குக் கிளம்பிவிடலாம்.

அப்படிக் கேட்காமல் கிளம்பியவர்களின் கதை ஒன்று என்னிடம் இருக்கிறது.

எண்பதுகளின் தொடக்கம். என் மனைவியின் அண்ணன் செல்வராஜ் போடியில் ஏலக்காய்க் கடை வைத்திருந்தார். நாற்பது வயது. கழுத்தில் ஒரு கட்டி. ஏதோ நெறி கட்டியிருக்கிறது என்று மூன்று மாதம் பற்றுப் போட்டார். மதுரையில் சதையை எடுத்துப் பார்த்துவிட்டு, கேன்சர் என்றார்கள். ஊசிக்குக் கட்டுப்படும் வகைதான் என்றும் சொன்னார்கள்.

அந்த ஊசி மருந்துகளில் ஒன்றை நித்தியகல்யாணிச் செடியிலிருந்து எடுக்கிறார்களாம். மச்சான் ஆடிப்போனார்.

"எங்க ஊருல அதுக்குச் சுடுகாட்டு மல்லின்னு பேரு டாக்டர். வேற நல்ல பூவா ஏதும் இல்லையா?"

டாக்டர் இளைஞர், பொறுமைசாலி. மருந்துச் சீட்டின் பின்னால் ஒரு வட்டம் போட்டு, நடுவில் கோடுகள் இழுத்தார். "செல் ரெண்டாப் பிரியிறப்ப உள்ள நூல் மாதிரி இழை உண்டாகி, ரெண்டு பக்கமும் பங்கு பிரிக்கும். இந்த மருந்து அந்த நூலைச் சேரவிடாது. பாதியில மாட்டிக்கிட்ட செல், இனிமே தேறாதுன்னு தானே சுருங்கி, துண்டு துண்டாகி, தன் கதையை முடிச்சுக்கும். மிச்சத்தை அக்கம்பக்கத்துச் செல் விழுங்கிரும்."

"அப்ப மருந்து கொல்லாதா?"

"சாகச் சொல்லும். கேன்சர் செல் சாக மறந்த செல். அதுக்குச் சாவுச் சேதி சொல்றதுதான் மருந்தோட வேலை. முடி வேர்லயும் செல் வேகமாப் பிரியும். சேதி அங்கயும் போயிரும். முடி கொட்டும்... திரும்ப வந்துரும்."

தன் மீசை போவது பற்றி மச்சான் கவலைப்படவில்லை. கவலையெல்லாம் அப்பாவைப் பற்றித்தான். என் மாமனார் கோம்பையில் இருந்தார். எழுபத்திரண்டு வயது, இதயக் கோளாறு, அதிர்ச்சி ஆகாது என்று ஏற்கெனவே எச்சரிக்கை.

"தெரிஞ்சா அன்னைக்கே போயிருவாக மாப்ள. நீங்க வாயத் திறக்கக் கூடாது" என்று என்னிடம் கையடித்துச் சத்தியம் வாங்கினார்.

நானும் திறக்கவில்லை. ஞாயிறுதோறும் மாமனாருக்கு மாத்திரை வாங்கிக்கொண்டு போவேன். மகன் எங்கே என்பார். ஏலக்காய் சீசன், கடையை விட்டு நகர முடியவில்லை என்பேன். அந்த வருஷம் எங்களுக்கு ஏலக்காய் சீசன் முடியவே இல்லை!

இரண்டாவது ஊசிக்குப் பிறகு தலைமுடி போனது. மீசை போனது. கடைசியில் புருவமும் போனது. அந்தக் கோலத்தில் ஒரு சனிக்கிழமை மதுரையிலிருந்து திரும்பிய மச்சான், தேனியில் போடி பஸ்ஸுக்காக நின்றார். மாமனாரின் தங்கை கணவர், தேவாரம் என்ற ஊர்க்காரர், எதிர்ப் பக்கத்திலிருந்து அவரைப் பார்த்துவிட்டார். சந்தனம் இல்லாத மொட்டை. மீசை கிடையாது. வாந்தி எடுத்துச் சிவந்த கண். போதாக்குறைக்கு, இவரைப் பார்த்ததும் மச்சான் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்?

மறுநாள் காலை நான் கோம்பையில் இருந்தேன். மாமனார் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தெருமுனையில் ஒரு டிராக்டர் நின்றது. பதினான்கு பேர் இறங்கினார்கள். கையில் ரோஜா மாலை, கோடி வேட்டி. தெருமுனையிலேயே ஒப்பாரி ஆரம்பமாகிவிட்டது. மாமனாரின் தங்கை மாரில் அடித்துக்கொண்டு முன்னால் வந்தார்.

"ஏ அண்ணே... கூடப் பெறந்தவளுக்குக்கூடச் சொல்லாமப் போயிட்டீகளே!"

மாமனார் எச்சில் கையோடு வாசலுக்கு வந்தார். "யாரு ஆத்தா செத்தது?"

அழுகை நின்றது. தங்கை அண்ணனை மேலும் கீழும் பார்த்தார்.

"நீங்கதாண்ணே."

"எப்பச் செத்தேன்?"

எல்லாரும் தேவாரத்துக்காரரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் அசரவில்லை. உயிரோடு இருந்ததற்காக மாமனார்தான் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்பது போல நின்றார். "உங்க மகன் மொட்டைய என் ரெண்டு கண்ணால பாத்தேன் மச்சான். மீசையில்ல. புருவங்கூட இல்ல!"

"புருவத்த எதுக்குய்யா எடுக்கான்?"

"பாசக்காரப் பிள்ள... தாங்கலபோலன்னு நெனச்சேன்."

அத்தனை பேருக்கும் இட்லி அவித்துப் போட்டு அனுப்பினோம். மாலையைத் திருப்பி எடுத்துப்போக மாட்டோம் என்றார்கள். சாவுக்கு வாங்கியது திரும்ப வீட்டுக்குள் வரக்கூடாதாம். மாமனார் அதை வாங்கி வாசல் ஆணியில் மாட்டினார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"மகன் எதுக்கு மொட்டை?"

"பழனிக்கு மாமா..."

"பஞ்சாமிர்தம் எங்க?"

மாத்திரையைக் கொடுத்துவிட்டுக் கிளம்பப் பார்த்தேன். அவர் என் கையைப் பிடித்தார். "மாலையே வந்துருச்சு மாப்ள. இனி எந்தச் சேதி என்னைக் கொல்லப்போகுது? சொல்லுங்க."

சத்தியத்தை மீறினேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் அழவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு போடி பஸ் ஏறினார். கடையில் மகனைக் கண்டதும் அந்த வழுக்கைத் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "ஏலே... தனியாவா இத்தன நாளும் வலியத் தாங்கிக்கிட்டுக் கெடந்த?" என்றார். மச்சான் சின்னப் பிள்ளை போல உடைந்து அழுதார்.

அடுத்த ஊசிக்கு மூன்று பேராகப் போனோம். மருந்தின் சாவுச் சேதிக் கதையை மச்சான் வழியிலேயே சொன்னதில், டாக்டரிடம் கேட்க மாமனாருக்கு ஒரு கேள்வி இருந்தது.

"டாக்டர், பதினாலு பேரு வந்து எனக்கே சாவுச் சேதி சொன்னாக. நான் செத்தனா? அந்தச் செல்லும் என்னை மாதிரிப் பிடிவாதக்காரனா இருந்தா?"

டாக்டர் சிரிக்காமல் சொன்னார். "அதனாலதான் ஐயா, ஒரு தடவையோட நிறுத்தாம ஆறு தடவை சொல்லிவிடுறோம்."

ஆறாவது சேதி எட்டியது. கட்டி போனது. புருவம் முதலில் வந்தது, பின்னாலேயே மீசையும் வந்தது.

மாமனார் அதற்குப் பிறகு பல வருஷம் இருந்து, ஒருநாள் தூக்கத்திலேயே போனார். தேவாரத்துக்காரர் இந்த முறை வெறுங்கையோடு வந்தார். மூக்கருகே விரல் வைத்துப் பார்த்த பிறகுதான் மாலைக்கு ஆள் அனுப்பினார்!

சுடுகாட்டு ஓரமெல்லாம் நித்தியகல்யாணி பூத்திருந்தது. மச்சான் ஒரு செடியையும் மிதிக்காமல் சுற்றி நடந்தார். அவருக்குத் தலையும் மீசையும் மழித்து முடிந்தது. தேவாரத்துக்காரர் மச்சானின் முகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என் காதருகே வந்தார்.

"புருவம் இல்லாதப்பவே உங்க மாமா சாகல. இப்பப் புருவம் வேற இருக்கே தம்பி... எதுக்கும் இன்னொரு தடவ மூச்சப் பாத்துருவமா?"

அது காதில் விழுந்து, அழுதுகொண்டிருந்த மச்சான்தான் முதலில் சிரித்தார்.