நூறு கோடியே ஏழு ஏறிய ஜீப்பு

போடி ஜீப்பு ஸ்டாண்டில் லிங்கேஸ்வரனைத் தெரியாத ஆள் கிடையாது. கணிதத்தில் பட்டம் வாங்கியவர். ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகும் பெண்களை விடியலில் ஏற்றிப்போய் மாலையில் கொண்டுவந்து இறக்குகிறார். படித்த படிப்புக்கு வேலை கிடைக்கவில்லையோ என்று பரிதாபப்பட வேண்டாம். லோடு சேரும்வரை உட்கார்ந்து கணக்குப் போடலாமே என்று அவராகப் பிடித்த தொழில் அது.

அவருக்குப் பிரியமான எண் 1000000007. நூறு கோடியே ஏழு. ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறு எதனாலும் மீதியில்லாமல் வகுபடாத பகா எண். கணினி இதைக் கண் சிமிட்டுவதற்குள் சொல்லிவிடும். மனிதர் கேட்பாரா? முப்பத்தோராயிரத்து அறுநூற்றுச் சொச்சம்வரை உள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும், அதற்குமேல் தேவையில்லை என்று காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் வகுத்துக்கொண்டே இருந்தார். தாள் கிழித்த வேகத்தில் அவர் வீட்டில் மட்டும் ஆடியிலேயே தீபாவளி வந்துவிட்டது.

போன மாதம் கடைசி வகுத்தலிலும் மீதி விழுந்தது. அந்தச் சந்தோஷத்தில், ஜீப்பின் நெற்றியில் சாமி பேர் எழுதும் இடத்தில், மஞ்சள் பெயிண்டால் அந்த எண்ணை எழுதிவிட்டார்.

மறுநாள் விடியலில் காளீஸ்வரி தன் கூட்டத்தோடு வந்தாள். அவளையும் சேர்த்துப் பதின்மூன்று பெண்கள். அண்ணாந்து பார்த்தாள், உதடு முணுமுணுத்தது. வண்டி நம்பரோ போன் நம்பரோ, கண்ணில் பட்டதைக் கூட்டிப் பார்க்காவிட்டால் எங்கள் ஊரில் யாருக்கும் காப்பி இறங்காது.

“ஏப்பா லிங்கு, கூட்டுனா எட்டுல்ல வருது? சனியைத் தலையில வச்சுக்கிட்டு மலை ஏறுவியா? நாங்க வரல.”

பக்கத்து ஜீப்பு உக்கிரபாண்டிக்குக் கொண்டாட்டம். “இங்கிட்டு வாங்க ஆத்தா. என் வண்டி நம்பர் கூட்டுனா ஒம்பது!”

இந்தக் கூட்டம் போனால் லிங்கேஸ்வரனின் ஜீப்பு காலியாகத்தான் நிற்கும்.

காளீஸ்வரியே இரக்கப்பட்டாள். “கடைசி நம்பரை எட்டா மாத்து. ஒம்பது வந்துரும். ஏறிக்கிறோம்.”

“யக்கா, கூட்டுனா ஒம்பது வந்தா ஒம்பதால வகுபட்டுரும். மூணு பேரு வந்தாலும் ஒம்பது பேரு வந்தாலும் சமமாப் பிரிச்சுட்டுப் போயிருவாங்க. இது அப்பிடியில்ல. எத்தனை பங்கு வச்சாலும் மிச்சம் விழும்.”

காளீஸ்வரி நிமிர்ந்தாள். “எங்க கூட்டம் மாதிரியா?”

தோட்டத்து சூப்பர்வைசர் அவர்களைச் சமமாகப் பிரித்து வேறு வேறு சரிவுக்கு அனுப்பப் பார்ப்பார். இரண்டாகப் பிரித்தால் ஒருத்தி மிஞ்சுவாள். மூன்றாகப் பிரித்தாலும் நான்காகப் பிரித்தாலும் ஒருத்தி மிஞ்சுவாள். ‘ஒண்ணாவே போய்த் தொலைங்க’ என்று விட்டுவிடுவார். பேச்சும் சிரிப்புமாக அவர்கள் ஒரே சரிவில் காய் எடுப்பது அப்படித்தான்.

“அதேதான்க்கா. பதிமூணு சின்னது, இது பெருசு. அம்புட்டுத்தான்.”

காளீஸ்வரி அந்த எண்ணைச் சொந்தக்காரியைப் பார்ப்பதுபோல இன்னொரு தரம் பார்த்தாள்.

“ஏறுங்கடி, நம்ம ஆளுதான். ஆனா சனி சனிதான். டயருக்கு எலுமிச்சம்பழம் வச்சுட்டு எடு.”

லிங்கேஸ்வரன் ஓடிப்போய் ஐந்து பழம் வாங்கி வந்தார்.

“நாலு டயருக்கு எதுக்குடா அஞ்சு?”

“ஒண்ணு ஸ்டெப்னிக்கு. நாலுன்னா ரெண்டு ரெண்டாப் பிரிஞ்சுரும்க்கா.”

பதின்மூன்று பேரும் சிரித்த சிரிப்பில், மலையின் முதல் கொண்டை ஊசி வளைவு கொஞ்சம் நேராகிவிட்டது.