சட்டம் போட்ட மயில்

மாதா கோயில் ஜன்னலின் வண்ணக் கண்ணாடியைப் பார்த்துவிட்டு வந்த என் அக்கா புருஷன், அதேபோல் வீட்டிலேயே ஒரு மயில் செய்தார். கண்ணாடித் துண்டுகளை ஈயப் பட்டையில் கோத்துப் பற்றவைத்த புகையில் வீடே இருமியது. அவரோ தேர் செய்கிறவர் போல எல்லோரையும் அதட்டினார். முடிந்ததும், சாமி படத்துக்குச் செய்வதுபோல் பின்னால் அட்டை வைத்துச் சட்டமடித்து, கூடத்துச் சுவரில் மாட்டினார். மயில் கன்னங்கரேலென்று தொங்கியது.

“பின்னால வெளிச்சம் வேணும் அத்தான். ஜன்னல்ல வைங்க” என்றேன்.

“இம்புட்டுப் பாடுபட்டது தெருவுல போறவன் பார்க்கவா? நீ பேசாம இரு!”

அந்த மேதையோடு யார் மல்லுக்கு நிற்பது?

மறுநாள் வந்த அவருடைய அம்மா அதை உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “ஏலே, சனீஸ்வரனோட காக்காயைப் போயி யாராச்சும் வீட்டுல மாட்டுவாகளா?”