பெண் பார்க்கப் போன அம்பாசடர், ஏற்காட்டு மலையில் மூன்று தடவை நின்ற கதை

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். நான் பிறந்தது சேலம், வளர்ந்தது சேலம், வாக்கப்பட்டதும் சேலம். மாடியில் துணி காயப்போடும்போதெல்லாம் எதிரே தெரிந்த ஏற்காட்டு மலையில் முப்பது வயது வரை கால் வைத்ததில்லை. ஆனால் என் கடைக்கு வரும் வெளியூர்க்காரர்கள் கேட்டால், போன வாரம்தான் போய்வந்தவள் போல வழி சொல்லி அனுப்புவேன். அவர்கள் எங்கே போய்ச் சேர்ந்தார்களோ, தெரியாது.

கடைசியில் போனது தொண்ணூறுகளில், ஆயுத பூஜை முடிந்த மூன்றாம் நாள், ஒரு புதன்கிழமை. சுற்றிப் பார்க்க இல்லை. தம்பி செந்திலுக்கு மலைமேல் வாழவந்தி என்ற ஊரில் பெண் பார்க்க.

அதற்கு முன் நாலு இடம் பார்த்து நாலும் தட்டிப்போயிருந்தது. இரண்டு, பெண் வீட்டார் வேண்டாம் என்றது. மற்ற இரண்டும் பெரியப்பா பாதி வழியில் வண்டியைத் திருப்பச் சொன்னது. ஒரு தடவை பூனை, இன்னொரு தடவை பஞ்சர். அப்பா இல்லாத வீட்டில் பெரியப்பா சொல்தான் கடைசிச் சொல். இந்தப் பெண்ணைச் செந்தில் ஒரு கல்யாணப் பந்தியில் பார்த்திருந்தான். "அக்கா, இதுவும் போச்சுன்னா எனக்கு இனிமே பொண்ணே பாக்காதீங்க" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னான்.

காலை எட்டு மணிக்குக் கிளம்பினோம். வண்டி எங்கள் வீட்டுக்காரருடைய அம்பாசடர், வாடகைக்கு ஓடுவது. பூஜைக்கு முந்தின நாளே டேங்க் நிறையப் பெட்ரோல் போட்டு, கழுவித் துடைத்து, பூஜை போட்டு நிறுத்தியிருந்தார். அந்தப் புதன்கிழமைதான் மறுபடி எடுத்தார். அவர் பொட்டு வைத்த அழகைப் பார்த்தால் வண்டிக்கே கல்யாணம் என்று நினைப்பீர்கள். நாங்கள் நாலு பேர். ஒற்றைப்படையாகத்தான் போகவேண்டும் என்று பெரியப்பா, முன்னால் ஒட்டியிருந்த பிள்ளையாரை ஐந்தாவதாகக் கணக்கில் சேர்த்துக்கொண்டார்.

சேலத்திலிருந்து ஏற்காடு ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர். அடிவாரம் தாண்டினால் இருபது கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றிலும் எண் எழுதியிருக்கும். பன்னிரண்டு மணிக்கு ராகு காலம். அதற்குள் பெண் வீட்டில் உட்கார்ந்தாக வேண்டும்.

நாலாவது வளைவில் வண்டி விக்கி விக்கி நின்றது. சாவியைத் திருப்பினால் செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, எஞ்சின் மட்டும் பிடிக்கவில்லை. வீட்டுக்காரர் பானெட்டைத் திறந்து, "பம்ப்பு சூடாயிருச்சு, வேற ஒண்ணுமில்ல" என்று ஈரத்துணி போட்டார். பெட்ரோல் முள் அந்த வண்டியில் என்றைக்குமே வேலை செய்ததில்லை. அதனால் டேங்க் மூடியைத் திறந்து குச்சி விட்டுப் பார்த்தார். நிறைய இருந்தது. மூடிவிட்டுச் சாவியைத் திருப்பினார், பிடித்துக்கொண்டது.

"பாத்தியா புள்ள, ஈரத்துணி வைத்தியம்!" என்று ஒரு மிதப்பு.

பதினோராவது வளைவில் மறுபடி நின்றது. அங்கே பனி இறங்கி, எனக்குப் பல் தந்தியடித்தது. அந்தக் குளிரில் எப்படிச் சூடாகும்? ஈரத்துணி வைத்தியம் பலிக்கவில்லை. வெள்ளக்கடைப் பக்கமிருந்து பைக்கில் வந்த ஒருவர் இறங்கினார்.

"ஏனுங்க, பிளக்கு பாத்தீங்களா?" என்று கேட்டு, ஒரு பிளக்கைக் கழற்றி எஞ்சினில் ஒட்டவைத்துச் செல்ஃப் அடிக்கச் சொன்னார். நீலமாகப் பொறி தெறித்தது. "கரண்டு நொம்ப நல்லா இருக்குதுங்க. எண்ணெய் இருக்குதுங்களா?" என்று பிளக்கைத் துடைத்து மாட்டினார். வீட்டுக்காரர் மறுபடி மூடியைத் திறந்து குச்சி விட்டார். முக்கால்வாசிக்கு மேல். அதற்குள் பெரியப்பா எலுமிச்சம்பழத்தை வண்டியைச் சுற்றிப் பிழிந்து எறிந்தார். வண்டி பிடித்துக்கொண்டது.

பிளக்கைத் துடைத்ததால் என்றார் பைக்கில் வந்தவர். எலுமிச்சம்பழம் என்றார் பெரியப்பா. ஈரத்துணி இப்போதுதான் வேலை செய்கிறது என்றார் எங்கள் வீட்டுக்காரர்.

வண்டியில் ஏறியதும் பெரியப்பா செந்திலைப் பார்க்காமலே சொன்னார்: "ரெண்டு தடவ தடுத்திருச்சு கண்ணு. மூணாந்தடவ நின்னா திருப்பீருவோம். இது வேண்டாங்குது."

செந்தில் வேட்டிக் கரையைப் பார்த்துக்கொண்டே வந்தான்.

எனக்குச் செவ்வாய்பேட்டையில் எண்ணெய்க் கடை. படிப்பு ஐந்தாவதோடு சரி, அதிலும் அஞ்சாவதை ரெண்டு வருடம் ரசித்துப் படித்தவள். ஆனால் எண்ணெய் டின் என்னிடம் வாலாட்டாது. டின்னில் ஒரே ஒரு ஓட்டை போட்டுக் கவிழ்த்தால் கொஞ்சம் ஊற்றிவிட்டு நின்றுவிடும். எதிர் மூலையில் இன்னொரு ஓட்டை போட்டால்தான் காற்று உள்ளே போய் எண்ணெய் வெளியே வரும். டேங்க் மூடியை இரண்டு தடவை திறந்தபோதும் "உஸ்" என்று ஒரு சத்தம் கேட்டது நினைவுக்கு வந்தது. இரண்டு தடவையும் அதற்குப் பிறகுதான் வண்டி கிளம்பியது.

பதினேழாவது வளைவு. விக்கியது, நின்றது. மணி பத்தரை.

"போதும் சாமி. திருப்பு" என்றார் பெரியப்பா.

"பெரியப்பா, ஒரே நிமிசம். யாரும் எதையும் தொடாதீங்க. துணி வேண்டாம், பழம் வேண்டாம். ஏனுங்க, செல்ஃப் அடிங்க."

அடித்தார். பிடிக்கவில்லை.

"இப்ப நான் மூடிய மட்டுந்தான் தொறக்கறேன். கிளம்புச்சுன்னா இது சகுனமில்ல, ரிப்பேரு. ஒத்துக்கறீங்களா?"

"கிளம்பலன்னா?"

"நானே வண்டியத் திருப்பறேன்."

"உனக்கு சைக்கிளே ஓட்டத் தெரியாதே" என்றார் வீட்டுக்காரர். அந்த நேரத்திலும் அவருக்கு அது முக்கியம்.

மூடியைத் திருகினேன். "உஸ்ஸ்." பெரியப்பாவுக்கே கேட்டது. செல்ஃப் ஏழெட்டுச் சுற்றுச் சுற்றியது. செந்தில் கண்ணை மூடிக்கொண்டான். எஞ்சின் பிடித்துக்கொண்டது.

மூடியின் மேல்பக்கத்தைப் பார்த்தேன். காற்றுப் போக நடுவில் ஊசி நுழைகிற அளவு ஓட்டை ஒன்று இருக்கும். அதன்மேல் ரூபாய் அகலத்துக்குச் சந்தனம், அதன்மேல் குங்குமம், காய்ந்து காரை பூசியது போல இறுகியிருந்தது. பெட்ரோல் குறையக் குறைய உள்ளே காற்றுப் போக வழியில்லை. டேங்க் இழுத்துப் பிடித்துக்கொண்டது, பம்ப் தோற்றுப்போனது.

"யாருங்க இவ்வளவு பக்தியா பொட்டு வெச்சது?" என்றேன். வீட்டுக்காரர் மலையழகைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூடியை டிக்கி மேல் வைத்து, தாலிக்கொடியில் கோத்திருந்த ஊக்கை எடுத்து ஓட்டையைக் குத்திச் சுத்தம் செய்தேன். பெரியப்பா பக்கத்தில் நின்று, குனிந்து, நிமிர்ந்து, "சந்தனந்தானா?" என்றார். அப்புறம் அவரே முதல் ஆளாக ஏறிக் கதவைச் சாத்தினார். "ஏறுங்க ஏறுங்க, நேரமாச்சு."

அதற்குப் பிறகு வண்டி ஒரு தடவைகூட முனகவில்லை. ஏற்காட்டு ஏரியை ஓடுகிற வண்டியிலிருந்தே பார்த்தேன். பதினொன்றே முக்காலுக்கு வாழவந்தியில் பாயில் உட்கார்ந்திருந்தோம். காப்பி அவர்கள் தோட்டத்துக் கொட்டையிலேயே போட்டது. அதன் மணத்தை இன்றைக்கும் வேறெங்கும் கண்டதில்லை. பெரியப்பா ஒரு வாய் குடித்துவிட்டு, "பொண்ணப் புடிச்சிருக்கு, பூ வெச்சுக்கலாமுங்க" என்றார். செந்தில் சிரித்த சிரிப்பில் பெண் உள்ளே ஓடிவிட்டது. என் பங்குக்கு நானும் அந்த வீட்டில் இருந்த ஒவ்வொருவரிடமும் ஊக்கைக் காட்டிக் கதை சொன்னேன். நாய்க்கு மட்டும் சொல்லவில்லை.

இப்போது மலை ஏறுகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். காலை எட்டுக்குள் கிளம்பிவிடுங்கள், பனிக்கு ஒரு ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள், வளைவில் ஹாரன் அடியுங்கள், ஏறுகிற வண்டிக்கு வழி விடுங்கள். பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு: செல்ஃப் சுறுசுறுப்பாகச் சுற்றினால் பேட்டரியைத் திட்டாதீர்கள். பொறி வருகிறதா பாருங்கள், பெட்ரோல் இருக்கிறதா பாருங்கள். இரண்டும் இருந்தும் பிடிக்கவில்லை என்றால் டேங்க் மூடியைத் திறந்து காதை வைத்துக் கேளுங்கள். பொட்டு வையுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஓட்டையை விட்டு நாலு விரல் தள்ளி வையுங்கள். நாலு பேர் நாலு வைத்தியத்தை ஒரே நேரத்தில் செய்தால் எது பலித்தது என்று தெரியாது. ஒரு நேரத்துக்கு ஒன்று, மற்றவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கவேண்டும். அதுதான் எனக்குத் தெரிந்த மெக்கானிக் வேலை முழுவதும்.

மூன்று மணிக்குக் கிளம்பினோம். பெண் ஒரு பை நிறையக் கொய்யாப்பழம் கொண்டுவந்து என் கையில் கொடுத்தது. வண்டியின் பின்பக்கத்தையே கொஞ்ச நேரம் பார்த்தது. பிறகு என்னிடம் முதல் முதலாகப் பேசியது.

"ஏனுங்க அண்ணி, இந்த டேங்குக்கு மூடி இருக்காதுங்களா?"

டிக்கி மேல் பார்த்தோம். இல்லை. இறங்கும்போது பதினேழாவது வளைவிலும் தேடினோம். அங்கேயும் இல்லை. பையிலிருந்து பெரியதாக ஒரு கொய்யாவை எடுத்து, ஊக்கால் நடுவில் ஒரு ஓட்டை குத்தி, டேங்கில் அடைத்துக்கொண்டு சேலம் வந்து சேர்ந்தோம்.